வேளைக்கு ஒரு கோடு

என் நாத்தனார் மயிலம்மாளைக் குடிகாரி என்று சொல்கிற வாய்கள் பொன்மலை ரயில்வே காலனியில் இன்னும் இருக்கின்றன. அந்த வாய்களுக்கு எதிரே போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மயிலு விடமாட்டாள். "விடுங்க அண்ணி, அவங்களுக்கு என்ன தெரியும்" என்பாள். அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். இலை அறுத்து, கட்டுக் கட்டி, ஓட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் அனுப்புவதுதான் பிழைப்பு. என் வீட்டுக்காரர் வீரமலைக்கு மயிலு ஒரே தங்கை. 1955இல் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த ரத்தினவேலுக்கு அவளைக் கொடுத்தோம். ரயில்வே மாப்பிள்ளை கிடைத்ததில் என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, ஊருக்குப் போக பாஸ் உண்டு. மாப்பிள்ளையும் லட்சணமாக, மரியாதை தெரிந்தவராக இருந்தார். என்னைத் தங்கச்சி என்பார். நானும் வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவளுக்கு அது வந்தது. ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். திடீரென்று காது அடைத்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சு உள்ளே போகிற மாதிரியே தெரியவில்லை. இந்த நிமிஷம் சாகப் போகிறோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்ததாம். கூடையை அப்படியே போட்டுவிட்டு வேலி ஓரமாக ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சுற்றி நின்றவர்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் போய்விட்டது. உடம்பில் ஒன்றுமில்லை. ஆனால் மறுபடி வந்துவிடுமோ என்கிற பயம் மட்டும் அன்றிலிருந்து அவளை விடவில்லை.

மறுபடி வரத்தான் செய்தது. குழாயடியில் வந்தது. பஸ்ஸில் வந்தது. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்போது வந்தது. ஒன்றுமே நடக்காமல், சும்மா அரிசி களைந்துகொண்டிருக்கும்போதும் வந்தது. காத்து கருப்பு என்றார்கள் சிலர். சமயபுரத்துக்குக் கூட்டிப்போய் வந்தோம். பக்கத்து வீட்டு ரோஷன் பேகம் பள்ளிவாசலில் ஓதிக் கயிறு வாங்கிக் கட்டினாள். அந்தப் பெண் நல்லவள். மயிலு மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள்.

ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று நானே ரத்தினவேலிடம் சொன்னேன்.

"அங்க போனா மூளைக் கோளாறுன்னு எழுதிப்புடுவாங்க தங்கச்சி. அப்புறம் காலனி பூரா தெரிஞ்சிடும். எனக்குப் பாலக்கரையில ஒரு கம்பவுண்டர் பழக்கம். நல்ல மருந்தா கலந்து தரச் சொல்றேன்" என்றார்.

மருந்து வந்தது. அந்தக் காலத்து மிக்சர் பாட்டில்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்டிலின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு காகிதத்தை, பற்கள் மாதிரி வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரைக்கும் ஒரு வேளை மருந்து. எங்கள் பக்கத்தில் அதைக் கோடு என்போம். மயிலுவுக்கு வந்த பாட்டிலிலும் காகிதம் ஒட்டியிருந்தது. காலையில் ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு. இஞ்சியும் கிராம்பும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய கஷாயம் என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். தொண்டையை எரித்துக்கொண்டு இறங்குமாம். இறங்கிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கிவிடும். விரல்களில் சூடு வந்துவிடும். அந்த மருந்தையும் அதை வாங்கிவந்த புருஷனையும் அவள் கொண்டாடிய கொண்டாட்டத்தை என் காதால் கேட்டிருக்கிறேன். "அவரு இல்லன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன் அண்ணி" என்பாள்.

குடித்தவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். கேட்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? எங்கள் மாமனார் வீட்டில் யாரும் சாராயத்தைத் தொட்டதில்லை. மயிலு சின்னப் பெண்ணாக இருக்கும்போதே மதுவிலக்கு வந்து கடைகளை மூடிவிட்டார்கள். அந்த வாடை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அதுவும் இஞ்சியையும் கிராம்பையும் போட்டு மூடி வைத்தால்? ஆஸ்பத்திரி மருந்து எதுதான் நல்ல வாசனையாக இருந்திருக்கிறது?

ஆமாம், அது சாராயம்தான். கொள்ளிடக் கரையில் நாணலுக்குள் காய்ச்சி, சைக்கிள் ட்யூபில் அடைத்துக் கொண்டுவருகிற சரக்கு. ரத்தினவேலுக்கு அந்தப் பழக்கம் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உண்டு. குடித்தாலும் கேஸ், வீட்டில் வைத்திருந்தாலும் கேஸ். கேஸ் ஆனால் ரயில்வே வேலை போய்விடும். பெண்டாட்டி மூச்சுக்குத் தவித்த ஒருநாள், இரக்கப்பட்டோ என்னவோ, தன்னுடையதில் கொஞ்சம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அடங்கிவிட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் அவரை நான் மன்னித்திருப்பேன். அதற்கு அப்புறம்தான் அவருக்கு யோசனை ஓடியிருக்கிறது. பெண்டாட்டியும் சத்தம் போடாமல் கிடப்பாள், லீவு போட வேண்டாம். தன் சரக்கையும் மருந்து என்று அலமாரியில் பகிரங்கமாக வைத்துக்கொள்ளலாம். பாலக்கரையில் கம்பவுண்டர் யாருமில்லை. காகிதத்தை மடித்துக் கத்தரித்து, சோற்றுப் பசை வைத்து ஒட்டியவர் அவரேதான்.

ஒரு கோடு இரண்டு கோடு ஆயிற்று. மயிலு இளைத்துக்கொண்டே வந்தாள். மருந்து குடித்த சாயங்காலம் நன்றாக இருப்பாள். விடிந்தால் முன்னைவிட மோசமாகப் பயம் வரும். கை நடுங்கும். மருந்து வேண்டும் என்று அழுவாள். நோய் முற்றுகிறது, மருந்தைக் கூட்ட வேண்டும் என்று, தானே டாக்டர் துரை ஆகிவிட்ட ரத்தினவேல் சொல்லிவிட்டார்.

1959இல் ஐப்பசி மாதம். இதை எனக்குச் சொன்னவள் ரோஷன் பேகம். ஒர்க்‌ஷாப் விட்டு எல்லோரும் சைக்கிளில் வந்துகொண்டிருந்த நேரம். குழாயடியில் பெண்கள் கூட்டம். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்ததால் மதுவிலக்கு ஏட்டு ஒருவர் இரண்டு போலீஸ்காரர்களோடு குவார்ட்டர்ஸ் லைனுக்குள் வந்து ரத்தினவேலை வாசலில் நிறுத்தினார்.

குடித்திருக்கிறானா என்று பார்க்க அப்போதெல்லாம் போலீஸ் சோதனை ஒன்றுதான். "ஊது" என்பார்கள். முகத்துக்கு நேராக ஊத வேண்டும். ரத்தினவேல் அப்போதுதான் வேலையிலிருந்து வந்தவர், இன்னும் தொடவில்லை. தைரியமாக ஊதினார். ஏட்டு தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து மோந்து பார்த்தார்.

"என்னய்யா இது?"

"என் சம்சாரத்துக்கு மருந்துங்க."

"மருந்தா? எந்த ஆஸ்பத்திரியில இந்த மருந்து தர்றான்? எனக்கும் ஒரு சீட்டு வாங்கிக் குடு."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். சாயங்கால மருந்தைக் குடித்துவிட்டு உள்ளே இருந்த மயிலுவுக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் எதிரே நின்று பேசத் தெரியாதவள், பயத்தில் பாதி உயிராகக் கிடக்கிறவள், புருஷனைத் திருடன் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அது என் மருந்துதாங்க. தினம் நான்தான் குடிக்கிறேன். எங்க வீட்டுலயும் சரி, இவரு வீட்டுலயும் சரி, ஒருத்தரும் அந்தக் கருமத்தைத் தொட்டதில்ல. வேணும்னா நானும் ஊதிக் காட்டுறேன்."

ஏட்டு வேண்டாம் என்றுதான் சொன்னாராம். பொம்பளையை ஊதச் சொல்கிற வழக்கம் கிடையாது. இவள்தான் கேட்கவில்லை. ஒரு தப்பும் செய்யாதவளுக்கு வருகிற வீம்பு. குழாயடி முழுக்கப் பார்க்க, ஏட்டின் முகத்துக்கு நேராக நின்று, பலமாக ஊதினாள்.

ஏட்டு பின்னால் நகர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அட, ஆமாம்ப்பா" என்றார்.

மயிலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏட்டைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், குழாயடியில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தாள். கடைசியில் புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்தான் கொடுத்தேன், அவளுக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே? அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இது:

"எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேங்க. கேக்க மாட்டேங்குறா."

பொம்பளை மேல் கேஸ் போட மனசில்லாமல், பாட்டிலை மட்டும் பறிமுதல் செய்துகொண்டு, "பொண்டாட்டியை அடக்கி வையி" என்று சொல்லிவிட்டு ஏட்டு போய்விட்டார். ரத்தினவேலின் வேலை தப்பியது. குழாயடியில் அன்றைக்கே மயிலுவுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். டானிக்காரி.

ரோஷன் பேகம் ஆள் அனுப்பி, என் வீட்டுக்காரர் போய் அவளைக் கூட்டிவந்தார். வந்த மறுநாளே கையும் காலும் உதற ஆரம்பித்தது. புடவை நனைகிற அளவுக்கு வியர்த்தது. சுவரில் எறும்பு ஊர்கிறது, தட்டிவிடுங்கள் என்று கத்தினாள். சுவரில் எறும்பே இல்லை. நான் உண்மையிலேயே பேய்தான் என்று நினைத்துவிட்டேன். புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கேயிருந்த லேடி டாக்டர் சின்ன வயசுக்காரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மயிலுவைத் திட்டாமல் பேசிய முதல் ஆள் அவள்தான்.

"உங்க இதயத்துல கோளாறு இல்லைம்மா. இந்தப் பயம் தானா வரும், தானா போகும். சாகப் போறோம்னு தோணும், ஆனா சாக மாட்டீங்க. நீங்க குடிச்சது அந்த நேரத்துக்கு அமுக்கி வைக்கும். அது இறங்குறப்ப பயத்தை ரெண்டு மடங்கா ஏத்திவிடும். இத்தனை நாளா உங்க நோய்க்குத் தீனி போட்டிருக்காங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் பயம் போய்விடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் இலைக்கட்டு கட்டிக்கொண்டிருப்பாள், சட்டென்று முகம் வெளுத்துவிடும். முதலில் எல்லாம் எழுந்து ஓடுவாள். அப்புறம் ஓடுவதை நிறுத்தினாள். வாழை நாரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பாள். வந்தது போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கட்டத் தொடங்குவாள். "போயிடுச்சா?" என்று கேட்பேன். "வாசல் வரைக்கும் போயிருக்கு" என்பாள். எங்களுக்குள் அது ஒரு கிண்டலாகிவிட்டது.

பயத்தைவிடக் கஷ்டம் அந்த மருந்தின் ஆசைதான். சாயங்காலமானால் உடம்பு அதைக் கேட்கும். நாக்கு கேட்கும். தெரியாமல் குடித்தாலும் உடம்பு பழகிவிடுகிறதே. ஒருநாள் நான் காப்பியில் இஞ்சி தட்டிப் போட்டேன். வாடை பட்டதும் டம்ளரை வீசிவிட்டு, கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து அப்படி அழுதாள்.

"என் உடம்பையே எனக்கு எதிரியா ஆக்கிட்டாரே அண்ணி. கேக்குது, எனக்குள்ள இருந்து கேக்குது. எனக்கே என் மேல அருவருப்பா இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இஞ்சி வாங்குவதில்லை. துவையல் பிரியரான என் வீட்டுக்காரரும் வாயைத் திறக்கவில்லை.

மறு வருஷம் ஆடிப் பெருக்கு கழிந்து ரத்தினவேல் வந்தார். பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்து எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். சாராயம் தன்னுடையது, காகிதம் தான் ஒட்டியது, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாய் தவறிவிட்டது. மயிலு கதவோரம் நின்று கேட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு மனசு இளகிவிட்டது. அவருக்கு எப்போதுமே ரயில்வே மாப்பிள்ளை மேல் ஒரு கண். "அதான் மாப்பிள்ளை அவ்வளவு தூரம் ஒத்துக்கிட்டாரே மயிலு. இதுக்கு மேல ஒரு ஆம்பளை என்ன பண்ணுவான்?" என்றார்.

"என்கிட்ட ஒத்துக்கிட்டா, எனக்குத் தெரிஞ்சதைத்தானேண்ணே எனக்கே சொல்றாரு?" என்றாள் மயிலு. "எங்க என் பேரைக் கெடுத்தாரோ அங்க சொல்லட்டும். குழாயடியில, அதே ஆளுங்க முன்னாடி. மருந்துன்னு சொல்லி நான்தான் குடுத்தேன், அவளுக்குத் தெரியாதுன்னு. சொன்னா அன்னைக்கே அவரு வீட்டுல உலை வைக்கிறேன்."

 அவர் சரி என்றார். சத்தியமும் செய்தார். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் டவுன் பஸ் ஏறினோம். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. தண்ணீர் கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பாலத்தில் என் கையை மயிலு பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. இறங்கிவிடலாமா என்றேன். "வேணாம் அண்ணி, இன்னைக்கு இறங்க மாட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு அவள் அந்தப் பாலத்தைத் தாண்டியது அன்றைக்குத்தான். ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகத் தாண்டினாள்.

குழாயடியில் கூட்டம் சேர்ந்திருந்தது. காலனியில் பெரிய மனுஷர் என்று பேர் வாங்கிய காத்தமுத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரோஷன் பேகம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து மயிலுவைக் கட்டிக்கொண்டாள். ரத்தினவேல் சலவை வேட்டியில், வாயில் கிராம்பு மென்றுகொண்டு நின்றார். மயிலு போய் அவர் பக்கத்தில் நின்றாள். நின்றவள் சட்டென்று அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

"நடந்தது நடந்துபோச்சுங்க. என் சம்சாரம் இப்பத் திருந்திட்டா. பெரியாஸ்பத்திரியில வைத்தியம் பார்த்தாச்சு. இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கா. நானும் அவளை மன்னிச்சிட்டேன். நீங்களும் பழசை மறந்துட்டு, எப்பவும் போல அவகிட்ட பழகணும்."

எனக்குக் காதெல்லாம் எரிந்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது. "இந்த மனசு யாருக்கு வரும்? தங்கமான ஆளு" என்றார் காத்தமுத்து. இரண்டு மூன்று பெண்கள் மயிலுவின் தோளைத் தொட்டு, புத்தியாகப் பிழைத்துக்கொள் என்று சொன்னார்கள். ஏட்டு வந்த அன்றைக்காவது வேலை போகும் என்கிற பயம் இருந்தது. இன்றைக்கு என்ன பயம்? ஒரு வருஷம் யோசித்து, சத்தியம் செய்து, பாலம் தாண்டி வரவழைத்து, இரண்டாம் தடவை கழுத்தை அறுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மயிலு அவருக்கு எதிரே போய் நின்றுவிட்டாள். அந்தக் கிராம்புக்குப் பின்னால் என்ன வாடை இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். அவளுக்குத் தெரியாதா? அந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே.

"ஊதுங்க" என்றாள்.

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"நான் திருந்திட்டேன், சரி. நீங்க ஊதுங்க. இவங்க எல்லாரும் பாக்கட்டும்."

"என்ன மயிலு இது, நாலு பேரு முன்னாடி..."

"நானும் நாலு பேரு முன்னாடிதாங்க ஊதினேன். உங்களை நம்பி ஊதினேன்."

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "ஊதுங்களேன் அண்ணே, பொம்பளை ஊதுனாள்ல?" என்றாள் ரோஷன் பேகம். குழாயில் தண்ணீர் குடத்தை நிறைத்து வழிந்துகொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. காத்தமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ரத்தினவேல் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதோடு எல்லோரும் மயிலுவின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கலைந்து போகும்போதே, இரண்டும் சேர்ந்து குடித்திருக்கும் என்று ஒரு குரல் கேட்டது. உலை வைக்க வந்தவள் என்னோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

திரும்பும்போதும் பாலத்தில் வந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா, மயக்கமா? வண்டியை நிறுத்தவா?" என்றார்.

"வேணாங்க. பயம்தான். போயிடும்" என்றாள்.

ஸ்ரீரங்கம் வந்து இறங்கி நடக்கும்போது நான் கேட்டேன். "ஏன் மயிலு, இந்த எழவு உன்னை விடவே விடாதா?"

"வந்துட்டுப் போகட்டும் அண்ணி" என்றாள். "அது பயம்னு சொல்லிக்கிட்டுதான் வருது. மருந்துன்னு சொல்லிக்கிட்டு வரல."